சின்ன அறைக்குப் போன பிள்ளை

கொட் என்கிற குளிர்கடல் மீனின் தலைக்குள் இரண்டு கற்கள் இருக்கின்றன. மூளைக்கு இரு பக்கமும் உள்ள பள்ளங்களில் ஒவ்வொன்றாகப் பதிந்து கிடக்கும். மீன் புரண்டுவிடாமல் நேராக நீந்துவதும், தூரத்துச் சத்தத்தை உணர்வதும் இந்தக் கற்களால்தான். எடுப்பது எளிது, ஆனால் முறை தெரிய வேண்டும். கண்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, மண்டையின் மேல் கத்தியை வைத்து அழுத்த வேண்டும். ஓங்கி வெட்டினால் கல் நொறுங்கிவிடும். பிறகு இரண்டு கையாலும் தலையை முறித்தால், பெரிய அவரைக்கொட்டை போல, விளிம்பில் பல் வைத்த இரண்டு வெள்ளைக் கற்கள் ஈரத்தோடு மினுங்கும்.

ஸ்கார்வேய் தீவின் மீன் ஆலையில் இதை எல்லோரையும்விடச் சுத்தமாகச் செய்தவள் யோருன். மேசையில் எனக்கு இடப்பக்கம் நிற்பாள். அவள் கணவன் ஓட்வார் தூண்டில் படகுக்காரன். ஒரே பிள்ளை ரக்னா, ஒன்பது வயது.

மார்ச் மாதம். முட்டையிட வடக்குக் கடலிலிருந்து மீன் இறங்கிவரும் காலம். அந்த நாட்களில் எங்கள் தீவில் எவருக்கும் முதுகு நிமிர்த்த நேரமில்லை. படகுகள் இறங்குதுறையில் வரிசையாக நிற்கும். குடல் ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம், சினை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போய் வெளுத்திருக்கும். வெளியே பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும். அப்படியொரு முற்பகலில்தான் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஹெர்போர்க் உள்ளே வந்தாள். மேலங்கியில் பனி அப்பியிருந்தது. நேரே மேற்பார்வைக்காரன் அர்வெயிடம் போனாள்.

"அர்வெ, எனக்குக் கொஞ்சம் தலை வேணும்."

"என்ர தலையோ, மீன்ர தலையோ?"

"உன்ரைக்குள்ள நான் தேடுற சாமான் இராது. மீன்ரையைத் தா."

மேசை முழுக்கச் சிரிப்பு. அர்வெயும் சிரித்தான்.

"தலையெல்லாம் காயப்போட்டு நைஜீரியாவுக்குப் போறது, ஹெர்போர்க். மண்டை பிளந்த தலையை அவங்கள் எடுக்கமாட்டாங்கள்."

"எப்பிடியும் கொஞ்சம் அடிபட்டு வரும்தானே. அதைத் தா. உள்ளுக்கிருக்கிற கல்லுத்தான் வேணும்."

"ஆருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு."

அவ்வளவுதான். எங்கள் தீவில் அதற்கு மேல் கேட்கிற வழக்கமில்லை. அர்வெ யோருனைக் கைகாட்டினான். அன்றிலிருந்து அடிபட்ட தலைகளை யோருன் ஒதுக்கி வைப்பாள். தேநீர் நேரத்தில் கல்லெடுத்து, உப்புநீரில் கழுவி, வெறும் தயிர்க் கோப்பைக்குள் போட்டுவைப்பாள். வெள்ளிக்கிழமை ஹெர்போர்க் வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

"என்னத்துக்காம் இது?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"பிள்ளையள் மாலை கோப்பினமாக்கும்," என்றாள் யோருன். "வடிவான சாமான். உடையாமல் எடுத்தால்தானே கோக்கலாம்."

மாலை கோக்க அல்ல. எதற்கென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் சேர்த்தே ஒரு பேருந்தை நிரப்பப் பிள்ளைகள் இல்லை. ரக்னா தன் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இலையுதிர்காலத்திலேயே முடித்துவிட்டாள். ஹெர்போர்க் அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தாள். அதுவும் கிறிஸ்மஸுக்கு முன் முடிந்தது. ஆனால் சங்கடம் வேகத்தில் இல்லை. புத்தகம் கேள்வியை முன்பக்கத்தில் கேட்டு விடையைப் பின்பக்கத்தில் வைத்திருக்கிறது. இந்தப் பிள்ளை விடையைச் சொல்லிவிட்டு, "அப்ப இது ஏன் இப்பிடி?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பின்பக்கம் கிடையாது. விடை அச்சடிக்காத சாமான் அவளுக்கு வேண்டும் என்று ஹெர்போர்க் கண்டுகொண்டாள்.

நகரசபைக் கல்விப் பகுதியைக் கேட்டாள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவி இருக்கிறது, முன்னால் ஓடுகிற பிள்ளைக்கு என்ன உதவி வேண்டிக்கிடக்கிறது என்று அங்கே இருந்தவர் சிரித்தாராம். அதன்பின் அவளே தேடத் தொடங்கினாள். பழைய படகொன்றிலிருந்து ஆழம் அளக்கும் கருவியின் காகிதச் சுருளை வாங்கி வந்தாள். கடலின் அடித்தளம் அதில் கறுப்பு மலைத்தொடர் மாதிரி நீளும். ஒரு கப்பல்காரரின் விதவையிடமிருந்து சூரியனின் உயரம் பார்க்கும் பித்தளைக் கருவியை இரவல் வாங்கினாள். வலை பின்னும் ஊசி, ஈயக் குண்டு, பல அளவில் கயிறு. கடைசியாக மீன் தலைக்குள் இருக்கிற அந்தக் கல், காதுக்கல்.

காதுக்கல்லை நடுவில் முறித்து, முறிந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பக்கத்திலிருந்து விளக்கைப் பிடித்தால் மரத்தின் குறுக்குவெட்டுப் போல வளையங்கள் தெரியும். கோடையில் இரை கிடைத்து வளர்ந்ததற்கு ஓர் அகன்ற வளையம். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றதற்கு ஒரு மெல்லிய வளையம். எண்ணினால் மீனின் வயது. ரக்னா எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, விளிம்புப் பக்கத்து வளையங்கள் மட்டும் ஏன் திடீரென்று ஒடுங்கி, ஒரே அளவில் நெருங்கிக் கிடக்கின்றன என்று கேட்டாள். ஹெர்போர்க் கல் இருந்த கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். பிள்ளை இன்னும் பத்துப் பன்னிரண்டு கல்லை முறித்துப் பார்த்தது.

"இந்த இடத்திலயிருந்துதான் அது முட்டையிடத் தொடங்கியிருக்கு. திண்டதெல்லாம் முட்டைக்குப் போனால் தான் வளர மிச்சமில்லைத்தானே," என்றது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க எத்தனை மீனைப் பார்த்திருப்பார்களோ. ஹெர்போர்க் அந்தக் கல்லை வாங்கி விளக்கடியில் தானும் ஒருதரம் பார்த்தாளாம். ஆனால் "ம்ம், இருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

பாராட்டக் கூடாது என்பது அவள் எடுத்துக்கொண்ட விரதம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளை இன்னொரு ஆளுக்கு மேலே தூக்கிப் பேசுகிறதில்லை. பெரிய மீன் பிடித்தவன்கூட "பரவாயில்லை, கொஞ்சம் கிடைச்சது" என்றுதான் சொல்லுவான். ஹெர்போர்க் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர், இவளைப்போல் கெட்டிக்காரி இந்தத் தீவில் இல்லையென்று வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பனியை உருட்டி எறிந்தால் அவளுக்குத்தான். "பேராசிரியர்" என்ற பட்டம் கலியாணம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரக்னாவுக்கு அது வரக்கூடாது. ஆகவே பிள்ளையைச் சத்தமில்லாமல் வகுப்பிலிருந்து எழுப்பி, "அவளுக்கு அங்க கொஞ்சம் வேலை இருக்கு," என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்துச் சின்ன அறைக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்தது அந்த ஓர் அறைதான்.

அந்த அறை தீவில் எல்லோருக்கும் தெரிந்த அறை. வாசிக்க வராத, கணக்கு ஏறாத பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் உட்கார வைத்தார்கள். ஓட்வாரும் அங்கே இருந்தவன்.

இனி வருவது ஒரு நாள் இரவு அவர்கள் வீட்டில் நடந்தது; யோருன் மறுநாள் வேலைமேசையில் நின்று சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று வீட்டில் அவித்த மீன், ஈரல், சினை, உருளைக்கிழங்கு. ஈரலை வெங்காயத்தோடு கரையவிட்டு மீனின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிற சாப்பாடு. இந்த மாதத்தில் கிழமைக்கு இரண்டு தரம் இல்லாவிட்டால் ஓட்வாருக்குச் சரிவராது. ரக்னா மீன்தலையைத் தன் தட்டுக்கு இழுத்து மண்டையைக் கிண்டினாள்.

"என்ன செய்யிறாய்?"

"கல்லுத் தேடுறன், அப்பா. சின்ன அறையில நான் கல்லுத்தானே எண்ணுறனான்."

ஓட்வார் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டான்.

"எந்தச் சின்ன அறை?"

"கொதிகலன் அறைக்குப் பக்கத்தில. மற்றவையெல்லாம் புத்தகத்தில செய்யினம். நான் அங்க போய்க் கல்லு, கயிறு, ஊசி எல்லாம் வைச்சுச் செய்யிறன். என்னை மட்டும்தான் அனுப்புறவா."

"எவ்வளவு நாளா?"

"கிறிஸ்மஸ் முடிஞ்ச பிறகு."

"ஏன் எண்டு சொன்னவாவோ?"

"இல்லை. என்ர வகுப்பு யுஸ்டெயின் சொன்னான், அது விளங்காத ஆக்களுக்குத்தானாம்." அவள் கிண்டுவதை நிறுத்தினாள். "உண்மைதான் போல, அப்பா. நேற்று ஹெர்போர்க் கேட்டவா, ஒரு படகு ஒரு மணித்தியாலத்தில இவ்வளவு தூரம் போனால் மூண்டு மணித்தியாலத்தில எவ்வளவு தூரம் போகும் எண்டு. எல்லாரும் டக்கெண்டு சொல்லிப்போட்டினம். நான் நீரோட்டம் எந்தப் பக்கம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். பிறகு, மீன் ஏத்தினால் படகு தாழுமெல்லே, அப்ப அதே வேகத்தில போகுமோ எண்டு யோசிச்சன். என்னால முடிக்க ஏலேல்லை. வாயால கேட்டால் எப்பவும் அப்பிடித்தான். எல்லாரும் முடிச்சிடுவினம், நான் மட்டும் முடிக்கமாட்டன்."

ஓட்வார் தன் தட்டை ஒதுக்கிவைத்தான். பிறகு தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எனக்கும் அப்பிடித்தான், என்ர பெட்டை. எழுத்தெல்லாம் ஓடும். பிடிக்கிறதுக்குள்ள மற்றவங்கள் முடிச்சிடுவாங்கள். அந்த அறையிலதான் நானும் இருந்தனான். எனக்குப் பட்டாணி தந்தவை எண்ணச் சொல்லி."

"எனக்குக் கல்லு."

"ஓம். பட்டாணியெண்டால் நாங்கள் திண்டுபோடுவம் எண்டு கண்டுபிடிச்சிட்டினம் போல."

மூன்று பேரும் சிரித்தார்கள். யோருன் சிரித்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று கையை வாயில் வைத்தாள்.

"அந்தக் கல்லை நான்தானே எடுத்துக் குடுத்தனான்," என்றாள்.

பிள்ளை படுத்த பிறகு இருவருக்கும் வாக்குவாதம்.

"என்ர பிள்ளை மந்தமில்லை, ஓட்வார். போன வருசம் உன்ர தூண்டில் கயிறு சிக்குப்பட்டதை ஆர் அவிழ்த்தது? நீ கத்தியைத் தூக்கினாய், அவள் பாத்துக்கொண்டே நிண்டு, இந்த முடிச்சைத் தள்ளுங்கோ எண்டாள்."

"என்ர அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவா. என்ர ஓட்வார் படகைப் பிரிச்சுப் பூட்டுவான், எப்பிடி மந்தம் எண்டு. ஆர் கேட்டது? அது என்ர ரத்தம், யோருன். என்னட்டையிருந்து போனது. உன்னட்டையிருந்து இல்லை."

"நான் போய் ஹெர்போர்க்கைக் கேக்கிறன்."

"என்னெண்டு கேப்பாய்?"

அந்தக் கேள்வியோடுதான் யோருன் மறுநாள் வேலைக்கு வந்தாள். எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

"கேளன், யோருன்," என்றேன். "கேட்டால் தெரிஞ்சிடும்."

"எப்பிடிக் கேக்கிறது? என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளோட பாக்க எப்பிடி எண்டோ? அப்பிடி ஆரும் கேக்கிறதோ? தன்ர பிள்ளையைப் பெரிசா நினைக்கிறாள் எண்டு நாளைக்கு ஊர் கதைக்கும். அதோட..." கத்தி கையில் நின்றது. "ஓம், அவள் பின்தங்கித்தான் இருக்கிறாள் எண்டு ஹெர்போர்க் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டால்? இப்பவெண்டால் தெரியாமலெண்டாலும் இருக்கிறன்."

அன்றைக்கும் அவள் கல் எடுத்தாள். முன்னைவிடக் கவனமாக எடுத்தாள். ஒரு கல்கூட உடையவில்லை. பின்தங்கிய பிள்ளை உடைந்த கல்லை வைத்துக்கொண்டு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஓட்வார் தன் வழியில் பிள்ளைக்கு உதவினான். கடல் கொந்தளித்துப் படகு போகாத ஒரு பின்னேரம், சமையலறையில் தூண்டில் முள் கட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தான்.

"இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. நானாப் பிடிச்சது. வடிவாக் கேள். வகுப்பில ஏதும் கேட்டால், முதல்ல சொல்லாதை. வேற ஆரும் சொல்லட்டும். அவை என்ன சொல்லினமோ அதையே கொஞ்சம் மாத்திச் சொல்லு. தலையைக் குனியாதை. குனிஞ்சால் பிடிச்சிடுவினம். யன்னலைப் பார், யோசிக்கிற மாதிரி இருக்கும்."

"என்னை மட்டும் கேட்டால்?"

"கேட்டவையின்ர முகத்தைப் பார். அவைக்கு என்ன விடை வேணுமெண்டு முகத்தில எழுதிக் கிடக்கும். அது எனக்கே வாசிக்க வரும், பாரன். விளங்கேல்லையெண்டால் சிரிச்சுக்கொண்டு 'தெரியாது' எண்டு கெதியாச் சொல்லு. இழுத்துச் சொன்னால் எல்லாரும் உன்னைப் பாப்பினம். கெதியாச் சொன்னால் அடுத்த ஆளிட்டப் போயிடுவினம்."

"எனக்கு ஏதும் கேக்கவேணும் போல இருந்தால்?"

"கேக்காதை. கேள்வி கேட்டால் உன்னட்ட என்ன இல்லையெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும்."

அவன் வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக் கேள்வி கேட்டான். அவள் யன்னலைப் பார்த்தாள், சிரித்தாள், தெரியாது என்றாள். இரண்டாம் தடவையே ஒரு மாற்றுக் குறையவில்லை. ஓட்வார் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியோ யோருன்! இதைப் பழக எனக்கு ரெண்டு வருசம் பிடிச்சது. இவள் ஒரு பின்னேரத்தில பிடிச்சிட்டாள்."

தான் சொன்னதன் பொருளை அவன் யோசிக்கவில்லை. அடுப்படியில் நின்ற யோருனும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ரக்னா அமைதியானாள். சின்ன அறையிலும் எண்ணச் சொன்னதை எண்ணினாள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு ஹெர்போர்க்கின் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பது நின்றுபோயிற்று. ஹெர்போர்க் குற்றத்தைத் தன் சாமான்கள்மேல் போட்டாள். இந்தப் பிள்ளைக்கு இனி மீன்கல்லும் கயிறும் காணாது, நான் தேடியது போதவில்லை என்று நினைத்தாள். இரவல் வாங்கியவற்றையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடங்களில் விசாரித்தாள். அப்படித்தான் பட்டணத்திலுள்ள அந்த இடத்தைப் பிடித்தாள். ஆய்வுக்கூடமும் பட்டறையும் வைத்து, வகுப்புக்கு அடங்காத பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் கற்பிக்கிற இடம். சுற்றுத் தீவுகளுக்கெல்லாம் சேர்த்து அந்த வருடம் ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. பிள்ளையை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சேர்ப்பார்கள்.

இறங்குதுறையில், மீன் இறக்கிக்கொண்டிருந்த ஓட்வாரிடம் அவள் கதைத்ததை நானும் கேட்டேன்.

"ஓட்வார், வாற வியாழன் ரக்னாவைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அவளுக்கு என்னட்ட இருக்கிறது காணாது. அங்க அப்பிடிப் பிள்ளையளுக்கெண்டே ஒரு இடம் இருக்கு."

கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த ஓட்வாரின் கை நின்றது.

"அங்கயே வைச்சிருப்பினமோ?"

"கிழமைக்கு ஒருநாள்தான். இப்போதைக்கு."

"ம்ம்," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவளும் வேறொன்றும் சொல்லவில்லை. மீன் இறக்குகிற ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், உன் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும்விடக் கெட்டிக்காரி என்று அவள் எப்படிச் சொல்லுவாள்?

ஓட்வாரைப் பத்து வயதில் இப்படித்தான் "ஒருக்காப் பாப்பினம்" என்று பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு பையனும் கூடப் போனான். ஓட்வார் பயத்தில் கண்டபடி பேசினான். கேட்ட கேள்விக்கெல்லாம் எதையெதையோ சொன்னான். மற்றவன் பேசாமல் சிரித்துக்கொண்டு இருந்தான். மற்றவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்வாரை விடுதிப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு குளிர்காலம். அங்கே இரவில் அழுதால் விளக்கைப் போட்டு எல்லோருக்கும் காட்டுவார்களாம். இதை யோருனுக்கே அந்தக் கிழமைதான் சொன்னானாம்.

"வாயைத் திறந்தவனை வைச்சிட்டினம். பேசாமல் இருந்தவனை விட்டிட்டினம்," என்று ரக்னாவிடம் சொன்னான். "நீ சாதாரணமா இரு, பிள்ளை. சாதாரணமான பிள்ளையை ஒருத்தரும் வைச்சிருக்கமாட்டினம்."

"வீட்ட வந்திடுவன்தானே, அப்பா?"

"அண்டைக்கே வந்திடுவாய்."

வியாழக்கிழமை எனக்கும் பட்டணத்தில் பல் வைத்தியரிடம் வேலை இருந்தது. பின்னேரப் படகில் நான் ஏறியபோது என் பாதித் தாடை மரத்துப் போயிருந்தது. ஓட்வார், ஹெர்போர்க், ரக்னா மூவரும் உள்ளே இருந்தார்கள். ரக்னா யன்னலோரம். ஓட்வார் படகுக் கடையில் எல்லோருக்கும் வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாற்கட்டியும் வாங்கி வந்தான். எனக்கும் ஒன்று.

"சாப்பிடு, சாப்பிடு. தாடை விறைச்சால் என்ன, விழுங்கு," என்றான். அவன் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "என்ர பெட்டை சாதாரணமாம்! ரெண்டு பெண்டுகள் முற்பகல் முழுக்க வைச்சுப் பாத்தவை. தண்ணி, மரக்கட்டை, கண்ணாடி எண்டு என்னவெல்லாமோ குடுத்து. கடைசியா வெளியில வந்து சொல்லினம், நல்ல அமைதியான பிள்ளை, வயசுக்கு ஏற்ற மாதிரிச் சரியா இருக்கிறா, இஞ்ச வரவேண்டிய தேவை ஒண்டுமில்லையெண்டு. தேவை ஒண்டுமில்லையாம்!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் ஹெர்போர்க்கின் முகத்தைப் பார்த்தேன். வாஃபிள் மடியில் அப்படியே கிடந்தது. கண்ணீர் ஓடி மேலங்கிக் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கவுமில்லை.

"நீ ஏன் அழுறாய்?" என்றான் ஓட்வார்.

"நீ ஏன் சிரிக்கிறாய்?"

"அவள் பின்தங்கேல்லையெண்டு சொல்லிப்போட்டினம். சிரிக்காமல்?"

ஹெர்போர்க் நிமிர்ந்தாள்.

"ஆர் சொன்னது அவள் பின்தங்கின பிள்ளையெண்டு?"

"நீ. நீதானே சின்ன அறையில இருத்தினாய். நீதானே எண்ணக் கல்லுக் குடுத்தாய்."

ஹெர்போர்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்பவள் மாதிரிப் பேசினாள்.

"ஓட்வார், நான் இந்தத் தீவில இருபத்தைஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன். எல்லாப் பிள்ளையளிலயும்... எல்லாரையும்விட அவள்தான்..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்நாளில் சொல்லிப் பழகியதில்லை. "புத்தகத்தில அவளுக்கு ஒண்டும் மிச்சமில்லை. அதாலதான் கல்லு. வேற அறை இல்லை. அதாலதான் அந்த அறை."

"நீ எனக்குச் சொல்லேல்லை."

"நீ கேக்கேல்லை."

ஓட்வார் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

"நான் அவளுக்குப் பழக்கிப்போட்டன்," என்றான் பிறகு. "எப்பிடித் தெரியாதமாதிரி இருக்கிறதெண்டு. நான்தான் பழக்கினனான்."

"எனக்கு இப்பத்தான் விளங்குது," என்றாள் ஹெர்போர்க். "நான் சாமான் காணாதெண்டு நினைச்சன்."

"திரும்பிப் போவம். அடுத்த படகில போய்ச் சொல்லுவம்."

"இடம் ஒண்டுதான் இருந்தது, ஓட்வார். மத்தியானம் வந்த மற்றப் பிள்ளைக்குக் குடுத்திட்டினம். எனக்கு முன்னாலதான் சொன்னவை."

அவன் எழுந்து ரக்னாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வெளியே ஒரு பாறைத் தீவு போய்க்கொண்டிருந்தது. அலைகள் அதன் இரண்டு பக்கமும் வளைந்து, காற்றுப்படாத பின்புறத்தில் ஒன்றையொன்று வெட்டிச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டன. எத்தனையோ வருடம் அதைத் தாண்டிப் போனவன், முதல் தடவை பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"ரக்னா, அங்க பார். அலை நேராத்தானே வருது. பாறைக்குப் பின்னால ஏன் வளைஞ்சு போகுது?"

அவள் வெளியே பார்த்தாள். ஒரு கணம் அவள் புருவம் சுருங்கியதை நான் கண்டேன். பிறகு திரும்பித் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருந்ததென்று எனக்கே வாசிக்க முடியவில்லை.

"தெரியாது, அப்பா," என்றாள் சிரித்துக்கொண்டு. கெதியாகச் சொன்னாள்.

"அது முந்திச் சொன்னது, பிள்ளை. இப்ப அது வேண்டாம். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. இஞ்ச ஆரும் உன்னைப் பிடிச்சு வைக்கமாட்டினம்."

"எனக்கு உண்மையாத் தெரியாது."

அவன் அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவனைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் தீவில் இல்லை. அதைப் போட்டுக்கொண்டே வளர்ந்தவன் அவன். பிள்ளை மறைக்கிறாளா, உண்மையிலேயே யோசிப்பதை விட்டுவிட்டாளா என்று அவனுக்கே பிடிபடவில்லை. கொஞ்சம் கழித்து ஹெர்போர்க்கைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினான். தெரியவில்லை என்பதற்காக.

ஸ்கார்வேய் வந்தது. மழையில் இறங்குதுறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யோருன் வேலையிலிருந்து நேரே வந்து நின்றாள். ரப்பர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. படகு அணைவதற்கு முன்பே கூப்பிட்டுக் கேட்டாள்.

"என்ன சொன்னவை?"

ஓட்வார் பழக்கத்தில் படகுக்காரனின் கயிற்றை எடுத்தான், எறியவில்லை; படகுக்காரன் வாங்கி எறிந்தான். ஹெர்போர்க் தன் பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். பலகை போட்டதும் முதலில் ஓடியது ரக்னாதான். ஈரப் பலகையில் வழுக்கி, நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள்.

"நான் சாதாரணமாம், அம்மா! என்னை விட்டிட்டினம்!"

யோருன் அவளைத் தூக்கிச் சுற்றினாள். மீன் செதில் ஒட்டிய கையால் பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, எல்லோருக்கும் கேட்க, "சாதாரணமாம், என்ர பிள்ளை சாதாரணமாம்," என்று சொல்லிக்கொண்டே நின்றாள். படகில் நாங்கள் மூவரும் இறங்காமல் நின்றோம்.